சலிப்புக்குச் சட்டி வைத்தவர்கள்

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது, அதுவரை அடுப்பைப் பற்றவைத்துப் பழகாத எத்தனையோ பேர் சமையலறைக்குள் நுழைந்தார்கள். வேலைக்கு வந்த ஊரில் வாடகை அறையில் தனியாக மாட்டிக்கொண்டவர்கள், மெஸ் மூடியதால் வேறு வழியில்லாமல் ஆரம்பித்து, இரண்டாவது வாரத்தில் பரோட்டா மாவை வீசிப் பார்க்கும் அளவுக்குப் போனார்கள். இன்ஸ்டன்ட் காபித் தூளையும் சர்க்கரையையும் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கை ஓயும்வரை அடித்து நுரையாக்கும் டல்கோனா காபி வீடு வீடாகப் பரவியது. அதே நாள்களில், அதே தெருக்களில், இருபது வருஷமாகச் சமைத்துக்கொண்டிருந்த பெண்களின் புலம்பல் வேறாக இருந்தது: மூணு வேளையும் ஆக்கி ஆக்கி வெறுத்துப்போச்சு. ஒரே அடுப்பு ஒருவருக்குச் சலிப்பைத் தீர்க்கிறது, இன்னொருவருக்குச் சலிப்பைக் கொடுக்கிறது. எப்படி?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க ஆரம்பாக்கம் நல்ல இடம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. சென்னை–கூடூர் ரயில் பாதையில் எளாவூருக்கு அடுத்த நிலையம். அதைத் தாண்டினால் தடா, ஆந்திரம். கிழக்கே பழவேற்காடு ஏரி, ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ஏரியை நம்பியிருக்கும் குப்பங்களில் தொழிலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் நாள் என்பது கொரோனாவோடு வந்த புதுச் சங்கதி இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையேறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அப்படித்தான். ராக்கெட் ஏவும் நாளில் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய கடல் பக்கம் போகக்கூடாது. முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் கடல் நீர் ஏரிக்குள் வராது, இறாலும் வராது. ஏரியில் சில குப்பங்கள் கடைப்பிடிக்கும் ‘பாடு’ முறையில், இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த நாள்களில் யாரும் வீட்டுக்குள் கிடப்பதில்லை. கரையில் நாலு பேராக உட்கார்ந்து வலைக் கிழிசல் தைப்பார்கள், சீட்டாடுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். 2020-இல் அந்த நாலு பேரும் கூடாதென்றாகிவிட்டது. ஏப்ரல் 10-ஆம் தேதி மத்திய அரசு மீன்பிடிக்க விலக்குக் கொடுத்தது. ஆனால் மீன் பிடித்தால் மட்டும் போதுமா? ஐஸ் வேண்டும், வண்டி வேண்டும், சந்தை திறந்திருக்க வேண்டும். ஆக, சும்மா இருப்பது நீண்டது. தனியாகச் சும்மா இருப்பது என்று வேறு ஆனது.

சும்மா இருப்பது ஓய்வுதானே, அதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். இரவு முழுக்க வலை வீசிவிட்டு வந்து பூவரச நிழலில் படுத்திருப்பவருக்குச் சலிப்பே கிடையாது. பத்து நாளாக அதே நிழலில் படுத்திருப்பவருக்கு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் செய்வது ஒன்றுதான். உடம்புக்குள் நடப்பது ஒன்றல்ல என்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கோலின் மெரிஃபீல்டு, ஜேம்ஸ் டேங்கர்ட் இருவரும் அளந்து காட்டினார்கள். சலிப்பூட்டுவதற்காகவே ஒரு படம் தயாரித்தார்கள்: இரண்டு ஆண்கள் துணி காயப்போடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. அதைப் பார்த்தவர்களின் இதயத் துடிப்பு, சோகப் படம் பார்த்தபோது இருந்ததைவிடக் கூடியது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோலும் கூடியிருந்தது. கவனம் குவிந்திருப்பதைக் காட்டும் தோலின் மின்கடத்துத் திறனோ குறைந்தது. அதாவது உடம்பு எதற்கோ தயாராகி முறுக்கேறி நிற்கிறது, கவனமோ எதிலும் ஒட்டவில்லை. நாள் முழுக்க ஒன்றுமே செய்யாதவர் சாயங்காலம் “அசதியா இருக்கு” என்று சொன்னால் நம்பலாம்.

இந்த நிலை எவ்வளவு தூரம் போகும்? 1950-களின் தொடக்கத்தில் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், டொனால்டு ஹெப் என்ற உளவியலாளரின் துறையில் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு நாளுக்கு 20 டாலர் கூலி. அந்தக் காலத்தில் பெரிய தொகை. வேலை, மெத்தையில் படுத்திருப்பது மட்டுமே. கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாத கண்ணாடி. கைக்கு உறையும் அட்டைக் குழாயும். காதில் இயந்திரத்தின் ஒரே சீரான இரைச்சல். சாப்பாடு வரும், கழிப்பறைக்குப் போகலாம். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளைத் தாண்டவில்லை. இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிய ஆரம்பித்தன. இதில் எனக்கு மறக்காத தகவல் ஒன்று: ஆறு வயதுக் குழந்தைகளுக்காகப் பதிவுசெய்த மதுவிலக்குப் பேச்சைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்கள், இந்தக் கல்லூரி இளைஞர்கள். புலன் வறட்சி, அதாவது கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எதுவும் கிடைக்காத நிலை, மனிதனை அந்த அளவுக்கு இறக்கிவிடும்.

2014-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமத்தி வில்சன் குழு இன்னும் எளிதான வழியில் இதைப் பார்த்தது. வெற்று அறை, கையில் போன் இல்லை, 15 நிமிடம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை முன்பே ஒருமுறை வாங்கி, “இதைத் தவிர்க்கக் காசு கொடுக்கக்கூடத் தயார்” என்று சொன்னவர்களை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் தாங்களே பொத்தானை அமுக்கி ஷாக் வாங்கிக்கொண்டார்கள். ஒன்றும் இல்லாததைவிட வலி மேல் என்று தோன்றுமளவுக்கு மூளை ‘ஏதாவது’ கேட்கிறது.

ஆனால் ‘ஏதாவது’ கிடைத்தால் போதுமா என்றால் இல்லை. போனில் ஆயிரம் விஷயம் இருந்தும் சலிக்கத்தானே செய்கிறது. வில்சனோடு வேலை செய்த எரின் வெஸ்ட்கேட் 2018-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். அதைப் புரிந்துகொள்ளப் பழவேற்காட்டு வலையையே எடுத்துக்கொள்ளலாம். கவனம் ஒரு வலை. வலைக்கண் பெரிதாக இருந்து வருவது பொடி மீனாக இருந்தால், வலையைத் தொடாமலே நழுவிப்போய்விடும். மிக எளிதான வேலை மனத்தில் நிற்காமல் போவது இப்படித்தான். வலைக்கண் மிகச் சிறிதாக இருந்தால் பாசியும் சேறும் அடைத்துக்கொண்டு இழுக்கவே முடியாது. புரியாத பாடம் தூக்கத்தை வரவழைப்பது அதனால்தான். எளிதாக இருந்தாலும் சலிக்கும், கடினமாக இருந்தாலும் சலிக்கும். வேலையின் அளவும் கவனத்தின் அளவும் பொருந்த வேண்டும். இது முதல் நிபந்தனை. இரண்டாவது, வந்த மீன் நமக்கு வேண்டிய மீனாக இருக்க வேண்டும்: செய்கிற வேலை எதற்கு என்ற கேள்விக்கு மனத்தில் பதில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் சலிப்பு வரும் என்கிறார் வெஸ்ட்கேட். முதல் நிபந்தனை கச்சிதமாகப் பொருந்தி, நேரம் போவதே தெரியாமல் வேலையில் ஆழ்ந்திருக்கும் நிலைக்கு மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் வைத்த பெயரைத் தமிழில் ‘ஓட்டநிலை’ என்று சொல்லலாம்.

இப்போது அடுப்பைப் பார்ப்போம். ஐஸும் சந்தையும் இல்லாத நாளில் தனியாக இருப்பவருக்குக் கைகொடுப்பது கருவாடு. ஆகவே ஓர் ஆளுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

கருவாட்டை வெதுவெதுப்பான நீரில் போட்டு, தலையைக் கிள்ளி, மணல் போக அலச வேண்டும். ஒரு கை நெத்திலியில் முப்பது நாற்பது தலை. விரலுக்கு வேலை, மூளைக்குப் பாரமில்லை. புளி ஒரு பக்கம் ஊறுகிறது. சட்டியில் நல்லெண்ணெய். கடுகு போட்டதும் காத்திருக்க வேண்டும், ஆனால் சில விநாடிதான். விதைக்குள் இருக்கும் துளி ஈரம் எண்ணெயின் சூட்டில் ஆவியாகி, தோலை உடைத்துக்கொண்டு வெளியேறும் சத்தம்தான் நாம் கேட்கும் படபடப்பு. அது அடங்கும் நேரத்துக்குள் சின்ன வெங்காயம் விழ வேண்டும். தாமதித்தால் கடுகு கருகிக் கசக்கும். வெங்காயம் கண்ணாடியாகும், தக்காளி குழையும், மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் விழும். பிறகு வருவது, சமையல் தெரிந்த எவரும் புதிதாகக் கற்பவருக்குச் சொல்லும் அந்த வார்த்தை: எண்ணெய் பிரியுற வரைக்கும் வதக்கு.

ஏன் எண்ணெய் பிரிய வேண்டும்? தக்காளியிலும் வெங்காயத்திலும் தண்ணீர் இருக்கும்வரை, எவ்வளவு தீ வைத்தாலும் அந்த மசாலாவின் சூடு ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு மேலே ஏறும். அப்போது வெங்காயத்தின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாகச் சேர்ந்து பழுப்பேறி, முன்பு இல்லாத வாசனைகளை உண்டாக்கும். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மெய்லார்டு விவரித்த வினை இது. தண்ணீரோடு கலந்து கிடந்த எண்ணெய், தண்ணீர் போனதும் தனியாகத் திரண்டு ஓரத்தில் மினுங்கும். ஆக, எண்ணெய் பிரிவது சூடு 100 டிகிரியைத் தாண்டிவிட்டது என்பதற்கான கண்கூடான அறிவிப்பு. ‘பச்சை வாசனை போச்சா’ என்று மூக்கைக் கேட்பதும் அதே சோதனைதான். பிறகு புளிக்கரைசல், கத்திரிக்காய், கடைசியில் கருவாடு.

சலிப்பை ஆராய்கிறவர் இந்தச் சட்டிக்குள் பார்ப்பது ருசியை அல்ல. முழுக்கச் சும்மா நிற்கும் நிமிடம் இதில் கிடையாது, திணறவைக்கும் நிமிடமும் கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் செய்தது சரியா தவறா என்பது விநாடிகளில் காதுக்கோ மூக்குக்கோ கண்ணுக்கோ தெரிந்துவிடுகிறது. போனில் திரையைத் தள்ளிக்கொண்டே போகும்போது இந்தப் பதில் கிடைப்பதில்லை, முடிவும் கிடைப்பதில்லை. குழம்புக்கு முடிவு உண்டு. எதற்கு என்ற கேள்விக்கோ வயிறே பதில். கை பழகப் பழகக் கடினத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி: கருவாட்டுக் குழம்பு வந்துவிட்டால் இடியாப்பம், அதுவும் வந்துவிட்டால் பரோட்டா.

டல்கோனாவின் ரகசியமும் இதில் அடக்கம். மிக்சியில் நிமிடத்தில் முடிவதை ஏன் கையால் அடிக்க வேண்டும்? மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோக்கன், டான் ஏரியலி மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், காகிதத்தில் கொக்கு மடித்தவர்கள் தங்கள் கோணல் கொக்குக்கு, மடிக்காத மற்றவர்கள் தர முன்வந்ததைவிடப் பலமடங்கு விலை வைத்தார்கள். தன் உழைப்பு சேர்ந்த பொருளின் மதிப்பு தன் கண்ணுக்கு உயர்கிறது. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவு: வேலை பாதியில் நின்றாலோ, செய்ததைக் கலைத்துவிட்டாலோ அந்த மதிப்பு வருவதில்லை. டல்கோனா நுரைத்துத் தீர வேண்டும்.

சமைப்பதும் சாப்பிடுவதும் வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சலிப்பு பெரும்பாலும் முதலில் இழுத்துக்கொண்டு போவது மிக்சர் டப்பாவிடம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில், ஒரு சின்னக் காட்சித் துண்டையே ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கப்பட்டவர்கள், முழுப் படம் பார்த்தவர்களைவிட அதிகச் சாக்லேட் சாப்பிட்டார்கள். பசிக்காக அல்ல, வர்ஜீனியாவில் ஷாக் பொத்தானை அமுக்கவைத்த அதே தவிப்புதான். கொறிப்பதில் கவனத்துக்கு வேலையில்லை, டப்பா காலியானதும் சலிப்பு திரும்பிவிடும்.

வாய்க்கும் சலிப்பு உண்டு. ஒரே பண்டத்தைச் சாப்பிடச் சாப்பிட அதன் மேல் உள்ள ஆசை மட்டும் குறையும், தொடாத பண்டத்தின் மேல் ஆசை அப்படியே இருக்கும் என்று 1980-களின் தொடக்கத்திலேயே பார்பரா ரோல்ஸ் குழு காட்டியது. இதைப் ‘புலன்சார் நிறைவு’ எனலாம். பந்தியில் இலை நிறையச் சாப்பிட்ட பிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பது இதனால்தான். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு இது நிஜத் தொல்லை: பொட்டலத்தில் வரும் உணவு மாதக்கணக்கில் அலுத்துப்போய்ச் சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் நாசாவின் பணத்தில், 2013-இல் ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் ஒரு கூடாரம் அமைத்து, ஆறு பேரை நான்கு மாதம் செவ்வாயில் இருப்பதுபோல அடைத்துவைத்தார்கள். வெளியே வருவதானால் விண்வெளி உடுப்போடுதான் வரலாம். ‘ஹை-சீஸ்’ என்ற அந்தத் திட்டத்தின் முதல் சோதனையே உணவைப் பற்றியதுதான்: சில நாள் ஆயத்தப் பொட்டலம், சில நாள் கெடாத மளிகைச் சாமான்களை வைத்துத் தாங்களே சமைத்தது. பொட்டலம் பிரிப்பதைவிடச் சமைப்பதற்கு நேரமும் தண்ணீரும் மின்சாரமும் அதிகம் செலவாகும். அந்தச் செலவு தகுமா என்று கணக்குப் பார்க்கவே இவ்வளவு ஏற்பாடு. ககன்யான் பயணத்துக்காக இட்லியையும் உப்புமாவையும் பொட்டலத்தில் அடக்கும் வேலையை மைசூருவில் உள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகம் செய்துவருகிறது. சில நாள் பயணத்துக்கு அது போதும். செவ்வாய் வரை போவதானால் சட்டியும் கரண்டியும் தேவைப்படலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. சமைத்தால் மனம் தெளிகிறதா, மனம் தெளிந்தவர்தான் சமைக்கப் போகிறாரா? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டாம்லின் கானர் குழு இதைப் பிரித்துப் பார்க்க முயன்றது. 658 இளைஞர்கள், 13 நாள் நாட்குறிப்பு. பாட்டு எழுதுவது, பின்னல் போடுவது, புதிதாக ஏதாவது சமைப்பது என்று ஒருவர் ஆக்கமாக இயங்கிய நாளுக்கு மறுநாள் அவருடைய உற்சாகம் கூடியிருந்தது. உற்சாகமாக இருந்த நாளுக்கு மறுநாள் ஆக்க வேலை கூடியதாகத் தெரியவில்லை. முதலில் கை, பிறகு மனம் என்ற வரிசைக்கு இது சாதகமான சாட்சி. முழு நிரூபணம் என்று கொள்ள முடியாது. நாட்குறிப்பு எழுதியவர்களை யாரும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ‘நீ சமை, நீ சமைக்காதே’ என்று பிரிக்கவில்லை.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய சொல் ‘புதிதாக’. குப்பத்து அம்மா இன்றைக்கு வைக்கும் குழம்பு அவர் எத்தனையோ ஆயிரம் தடவை வைத்த குழம்பு. கடுகு எப்போது அடங்கும் என்பதற்குக் காதைத் தீட்ட வேண்டியதில்லை. கை தானாக வெங்காயத்தைத் தள்ளிவிடும். அதே குழம்பு அவருடைய வலைக்கண்ணில் நிற்காத பொடி மீன். முதல் நிபந்தனை போயிற்று. இரண்டாவது நிபந்தனையான ‘எதற்கு’ மிச்சமிருக்கிறது, ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வார்த்தை சொன்னால்தான் அதுவும் நிற்கும். எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் இருவரும் பல வருஷம் ஆராய்ந்து சொன்ன மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: தன் விருப்பத்தில் செய்வதும் செய்தே தீர வேண்டியிருப்பதும் மனத்துக்கு ஒரே வேலை அல்ல. வாடகை அறைப் பையன் குழம்பைக் கருகவிட்டால் சிரித்துவிட்டு பிஸ்கட் தின்று படுக்கலாம். அம்மாவால் முடியாது.

ஊரடங்கில் கடலோரப் பெண்களுக்கு இன்னொன்றும் நடந்தது. மீன் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவது, ஏலத்தில் நிற்பது, வாடிக்கையாளரோடு பேரம் பேசுவது என்று அவர்கள் நாளில் மாறிக்கொண்டே இருக்கும் பகுதி ஒன்று உண்டு. உடம்பு நோகும் வேலைதான். ஆனால் தினம் ஒரு விலை, தினம் ஒரு ஆள். சந்தை மூடியபோது போனது அந்தப் பகுதி. மாறாமல் மிஞ்சியது அடுப்பு, அதுவும் ஆண்களும் பிள்ளைகளும் மூன்று வேளையும் வீட்டில் இருக்கும் அடுப்பு.

ஊரடங்குக்கு முந்தைய வருஷம், 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை, தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்கள் செலவிட்ட நேரம் சராசரியாகப் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். அந்தக் கணக்கெடுப்பு பின்பற்றிய சர்வதேசப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. சமைப்பது 311. பரிமாறுவது 312. சாப்பிட்ட பிறகு பாத்திரம் தேய்த்து இடத்தைச் சுத்தம் செய்வது 313. சாமான்களை எடுத்துவைத்துப் பத்திரப்படுத்துவது 314. இவ்வளவு நேரம் நாம் பேசிய சிகிச்சை 311-க்கு மட்டும் உரியது. தனி அறையில் இருப்பவருக்கு நாலும் அவர் தலையில்தான் விழும். அதனால் அவருக்குக் கணக்கு நேர். வீட்டில் நாலு பேர் இருக்கையில் சலிப்புத் தீரப் பரோட்டா வீசுகிற ஆண், 311-ஐ முடித்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு எழுந்துபோனால், மாவு ஒட்டிய கல்லும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டியும் 313-க்குள் போய்ச் சேரும். அதைத் தேய்க்கப்போவது யார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வீட்டில் மொத்தச் சலிப்பு குறைந்ததா, இடம் மாறியதா என்பது தெரியும்.